ஜோம்தியனா, ஹுவா ஹின்னா? தாய்லாந்துல ஆறு மாசம் குடித்தனம் பண்ண எந்த ஊர்

"தாய்லாந்துல ஒரு ஆறு மாசம் போய் இருக்கலாம்னு பாக்குறோம், உங்களுக்குத் தான் தெரியுமே, எந்த ஊருக்கு போறது"ன்னு இந்த ஒரு வருஷத்துல என்கிட்ட கேட்டவங்க எத்தனையோ பேர். எல்லாரும் முதல்ல பீச் எப்படின்னு கேக்குறாங்க, ரெண்டாவது வாடகை, மூணாவது சாப்பாடு. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நானும் அப்ப கேக்கல, அதனால அதைத் தான் இங்க எழுதப் போறேன், பீச்சும் வாடகையும் நடு நடுவுல வரும்.

எங்க கதையை சுருக்கமா சொல்லிடுறேன். பொண்ணு காலேஜ் ஹாஸ்டலுக்கு போனா, என் வீட்டுக்காரர் பாக்குற வேலை முழுக்க வீட்ல இருந்தே லேப்டாப்ல பாக்குற வேலை, அதனால அவருக்கு டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) போட்டோம், அவரை வச்சு எனக்கும் மனைவிங்கிற முறையில அதே விசா. நவம்பர் கடைசில இருந்து மே நடு வரைக்கும் பட்டாயா பக்கத்துல ஜோம்தியன்ல இருந்தோம், ஒன்றரை மாசம் ஊருக்கு வந்துட்டு ஜூலைல திரும்ப போய் டிசம்பர் வரைக்கும் ஹுவா ஹின்ல இருந்தோம். ஒண்ணு தாய்லாந்து வளைகுடாவுக்கு கிழக்குக் கரை, இன்னொண்ணு மேற்குக் கரை, கடல்ல நேரா போனா எதிர் எதிர், ரோட்ல போனா பாங்காக் வழியா சுத்திகிட்டு அஞ்சு மணி நேரத்துக்கு மேல. ஒரு ஊரை சீசன்லயும் இன்னொண்ணை மழைலயும் பார்த்திருக்கோம், அதையும் மனசுல வச்சுகிட்டு படிங்க.

விசாவை முதல்ல முடிச்சிடுறேன், ஏன்னா ரெண்டு ஊருக்கும் ஒண்ணு தான். டிடிவிங்கிறது 2024 ஜூலைல வந்தது, அஞ்சு வருஷம் செல்லும், ஒவ்வொரு தடவை உள்ள வரும்போதும் 180 நாள் முத்திரை குத்துவாங்க, வெளிய போய்ட்டு வந்தா மறுபடி 180. இருபது வயசு ஆகியிருக்கணும், 5 லட்சம் பாட் பேங்க்ல இருக்குன்னு காட்டணும், நம்ம காசுக்கு 14 லட்சம் பக்கம் வரும், கட்டணம் 10,000 பாட். வேலை தாய்லாந்துக்கு வெளிய இருக்கிற கம்பெனிக்கு தான் பாக்கணும், உள்ளூர்ல சம்பாதிக்கக் கூடாது, கூட வர்ற என்னை மாதிரி ஆளுங்களுக்கு அந்த ஊர்ல வேலைங்கிற பேச்சே இல்ல. அம்பது வயசு தாண்டினவங்களுக்கு ரிடையர்மென்ட் வழி தனியா இருக்கு, அதுக்கு தாய் பேங்க்ல 8 லட்சம் பாட் போட்டு வைக்கணும் இல்லைன்னா மாசம் 65,000 பாட் வருமானம் காட்டணும். ஒரு வருஷத்துல, அதாவது ஜனவரி டு டிசம்பர் கணக்குல, 180 நாளோ அதுக்கு மேலயோ அங்க இருந்துட்டா நீங்க வரி கட்ட வேண்டிய குடியிருப்பாளர்னு ஆயிடுவீங்க, 2024ல இருந்து வெளிநாட்டு சம்பாத்தியத்தை உள்ள கொண்டு வந்தா அதுவும் அந்தக் கணக்குல வரும். இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கு, ஆனா இதை எல்லாம் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரு நல்ல ஆடிட்டரை கிளம்புறதுக்கு முன்னாடியே பாருங்க. நாங்க அங்க போய் மாட்டின அப்புறம் தான் பார்த்தோம்.

சரி, ஊருக்கு வர்றேன்.

பட்டாயான்னு சொன்னாலே நம்ம ஊர்ல ஒரு மாதிரி பாப்பாங்க. என் சொந்தக்காரங்க கிட்ட நான் மூணு மாசம் "பாங்காக் பக்கத்துல"ன்னு தான் சொல்லிகிட்டு இருந்தேன், மனசுக்கு அது கஷ்டமா தான் இருந்தது. அந்த ஊருக்கு அந்தப் பேர் வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு, மீன்பிடி கிராமமா இருந்த இடம், வியட்நாம் போர் சமயத்துல பக்கத்துல ஊ தபாவ் விமான தளத்துல இருந்த அமெரிக்க சிப்பாய்ங்க லீவுக்கு வந்து வந்து தான் அப்படி வளர்ந்தது. ஆனா ஜோம்தியன்ங்கிறது நடுவுல இருக்கிற குன்றைத் தாண்டி தெற்குப் பக்கம், பட்டாயாவோட பார் தெருவான வாக்கிங் ஸ்ட்ரீட் சத்தம் எல்லாம் இங்க வராது. ரஷ்யாக்காரங்க குடும்பம் குடும்பமா குழந்தையைத் தள்ளுவண்டில வச்சு தள்ளிகிட்டு போவாங்க, வயசான ஐரோப்பாக்காரங்க காலைல ஆறு மணிக்கே நடப்பாங்க, ராத்திரி பத்து மணிக்கு நான் தனியா பீச் ரோட்ல நடந்து வந்திருக்கேன், ஒரு நாள் கூட பயந்தது கிடையாது.

ஹுவா ஹின் அதுக்கு நேர் எதிர். ராஜா குடும்பம் ஓய்வெடுக்க வந்த ஊர், ஏழாம் ராமா 1920கள்ல கட்டுன கிளாய் கங்வோன் அரண்மனை கடலோரமா இன்னைக்கும் இருக்கு, அந்தப் பேருக்கு "கவலைக்குத் தூரம்"னு அர்த்தம். ஆனா 1932ல முடியாட்சியை அரசியல் சட்டத்துக்குள்ள கொண்டு வந்த புரட்சி நடந்தப்ப ராஜா இருந்தது அந்த அரண்மனைல தான். பேச்சு, நடை, கடைக்காரங்க எல்லாமே கொஞ்சம் நிதானம், வார கடைசில பாங்காக்ல இருந்து கார் காரா வந்து இறங்குவாங்க, திங்கக்கிழமை காலைல ஊர் மறுபடி காலியா அமைதியா ஆயிடும். சொந்தக்காரங்க கிட்ட பேர் சொல்லவும் தயக்கம் இல்ல. மாமியாரை கூட்டிட்டு வந்து மூணு வாரம் வச்சிருந்தது ஹுவா ஹின்ல தான், ஜோம்தியன்ல இருந்தப்ப கூப்பிடவே எங்களுக்கு தோணல.

பீச்சைப் பத்தி. அழகுல ஹுவா ஹின் தான், சந்தேகமே வேண்டாம். நீளமா தட்டையா மணல், தண்ணி இறங்கினப்ப கிலோமீட்டர் கணக்குல நடக்கலாம், குதிரைங்க வரும் போகும், தெற்கு முனைல தக்கியாப் குன்று மேல கோயில், குரங்கு. ஆனா தண்ணி ஏறினா மணலே இருக்காது சில இடத்துல, மழை மாசங்கள்ல ஜெல்லி மீன் வரும், என் வீட்டுக்காரருக்கு செப்டம்பர்ல முழங்கால்ல பட்டு மூணு நாள் கோடு கோடா சிவந்து கிடந்தது, அதுக்கப்புறம் அவர் கடல்ல இறங்கவே இல்ல. ஜோம்தியன்ல தண்ணி சுமார் தான், ஜெட் ஸ்கி சத்தம், குடை போட்டு நாற்காலி வாடகைக்கு விடுறவங்க வரிசையா. நல்ல தண்ணி வேணும்னா பாலி ஹாய் படகுத்துறைல இருந்து கோ லான் தீவுக்கு போகணும், 30 பாட் டிக்கெட், முக்கால் மணி நேரம். உண்மையைச் சொன்னா முதல் மாசத்துக்கு அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை கூட கடல்ல கால் நனைக்கல, ரெண்டு ஊர்லயும். குடித்தனம்னு ஆயிட்டா கடல் ஜன்னலுக்கு வெளிய இருக்கிற ஒரு பொருள் மாதிரி ஆயிடும், அரிசி பருப்பு வேலை தான் முன்னாடி நிக்கும்.

வாடகைக்கு எங்க கணக்கு இது. ஜோம்தியன்ல சீசன்ல போனதால ஒரே ரூம் வச்ச ஸ்டுடியோ கொண்டோ, அதாவது அபார்ட்மென்ட், மாசம் 13,000 பாட், ரெண்டு மாச வாடகை டெபாசிட், ஒரு மாசம் முன்பணம். ஹுவா ஹின்ல மழை சீசன், தக்கியாப் பக்கம், தனி பெட்ரூம் ஹால் பால்கனியோட 12,000. அதே வாடகைல இங்க கூடுதல் இடம் கிடைக்கும், அது பொதுவாவே உண்மை. ஆனா கரன்ட்டை கேக்காம கையெழுத்து போடாதீங்க. ஜோம்தியன்ல ஓனர் யூனிட்டுக்கு 8 பாட் போட்டார், ஹுவா ஹின்ல மின்சார வாரிய பில்லே நேரா வந்து செவன் இலெவன்ல கட்டினோம், யூனிட் 4 பாட்டும் சில்லறையும். ஏசி ஓடுற வீட்ல இது மாசம் ஆயிரத்தஞ்சூறு பாட் வித்தியாசம், ஏப்ரல்ல அதுக்கு மேலயும்.

இன்னொரு விஷயம் டிஎம்30. வெளிநாட்டு ஆள் யார் வீட்ல தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள்ள வீட்டு ஓனர் இமிக்ரேஷனுக்கு தெரியப்படுத்தணும், அது தான் டிஎம்30. எங்க ஜோம்தியன் ஓனர் "போட்டாச்சு போட்டாச்சு"ன்னு சொல்லிகிட்டே இருந்தார், போடல. 90 நாளைக்கு ஒரு தடவை நான் இங்க தான் இருக்கேன்னு நாம சொல்லணும் இல்லையா, அதுக்கு போனப்ப தான் தெரிஞ்சது, சிஸ்டத்துல எங்க பேரே இல்ல. அந்தப் பொண்ணு கவுன்டர்ல பாஸ்போர்ட்டை திருப்பி திருப்பி பார்த்துட்டு தலையாட்டினப்ப எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அன்னைக்கே ஓனரை போன்ல பிடிச்சு, அவர் அபராதம் கட்டி, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சது, முடிஞ்சதுக்கு ஒரே காரணம் இமிக்ரேஷன் ஆபீஸ் ஜோம்தியன் சொய் 5லயே (சொய்னா சந்து) இருக்கு, நாங்க நடந்து போய் நடந்து வந்து மூணு தடவை அலைஞ்சோம். ஹுவா ஹின்ல கொண்டோ ஆபீஸ்லயே நாங்க சாவி வாங்கின அன்னைக்கு போட்டு பேப்பரை கையில குடுத்துட்டாங்க. அதனால ஊரை விட கட்டடம் முக்கியம் இதுல, வாடகை பேசும்போதே டிஎம்30 ரசீது எப்ப தருவீங்கன்னு கேளுங்க. 90 நாள் கணக்குல 15 நாள் முன்னாடியே போகலாம், 7 நாள் பின்னாடி வரைக்கும் விடுவாங்க, அதுக்கு மேல போனா 2,000 பாட் அபராதம்.

சாப்பாட்டுக்கு வருவோம், இதுல எனக்கு நிறைய சொல்ல இருக்கு.

பட்டாயாவுல இந்தியன் ஓட்டல் தடுக்கி விழுந்தா ஒண்ணு இருக்கும், ஆனா முக்கால்வாசி வடநாட்டு சாப்பாடு, மூணு நாள் டூர் வர்றவங்களுக்காக நடத்துறது, தினம் சாப்பிட முடியாது, கட்டுப்படியும் ஆகாது. தோசை கிடைக்குற இடம் விரல் விட்டு எண்ணலாம். ஆனா மளிகை கிடைக்கும், உளுந்து, துவரம் பருப்பு, புளி, பெருங்காயம் எல்லாமே ஜோம்தியன்ல இருந்து பாட் பஸ்ல (ஷேர் பிக்கப் வண்டி, பின்னாடி சொல்றேன்) போற தூரம் தான். ஹுவா ஹின்ல இந்தியன் கடைங்கிறது அரிது, நாங்க மாசத்துக்கு ஒரு தடவை பாங்காக் போய் பாஹுரத்ங்கிற இந்தியக் கடைத் தெருல மூட்டை கட்டிகிட்டு வருவோம், இல்லைன்னா ஆன்லைன்ல வரும்.

ஆனா காய்கறில ஹுவா ஹின் என்னைத் தோக்கடிச்சுடுச்சு. ஊர் நடுவுல சட்சாய் மார்க்கெட்னு ஒண்ணு, ஏழாம் ராமா காலத்துல இருந்து இருக்கு, காலைல ஏழு மணிக்குள்ள போயிடணும். என் மாமியாரை முதல் நாள் கூட்டிட்டு போனேன், மீன் வாடைக்கு முந்தானையை மூக்குல வச்சுகிட்டே வந்தவங்க ஒரு பாட்டி கடை முன்னாடி நின்னுட்டாங்க. கட்டு கட்டா முருங்கைக்காய். மாமியார் ஒண்ணை எடுத்து முறுக்கி பார்த்து, நுனியை நகத்தால கிள்ளி, "பிஞ்சு"ன்னு என்னைப் பார்த்தாங்க. அந்தப் பாட்டியும் அதே மாதிரி இன்னொண்ணை எடுத்து முறுக்கி காட்டி "மரும், மரும்"னு சொன்னாங்க. தாய்ல முருங்கைக்கு பேர் மரும். மரும், முருங்கை, மரும், முருங்கைன்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சொல்லி ஒரே சிரிப்பு, ஒரு வார்த்தை பொதுவா தெரியாது, கால் மணி நேரம் பேசிகிட்டு இருந்தாங்க, மூணு கட்டு வாங்கினோம், நாலாவதை பாட்டி சும்மா வச்சு குடுத்தாங்க. அப்புறம் அந்த மூணு வாரமும் மாமியாருக்கு காலைல மார்க்கெட் போறது தான் வேலை.

சைவம் சாப்பிடுறவங்களுக்கு ஒரு வார்த்தை: மீன் சாஸ் எல்லாத்துலயும் இருக்கும், காய்கறி வதக்கல்ல கூட. "மாய் சாய் நாம் ப்லா"ன்னு சொல்லலாம், ஊத்தாதீங்கன்னு அர்த்தம், கேப்பாங்க, ஆனா கரண்டி அதே கரண்டி தான். "ஜே" கடையைத் தேடுங்க. மஞ்சக் கொடில சிவப்பு எழுத்து, பாக்குறதுக்கு 17ன்னு எழுதின மாதிரி இருக்கும். முட்டை, பால், வெங்காயம், பூண்டு கூட இல்லாத சீன பௌத்த சைவம் அது. அக்டோபர் பக்கத்துல ஒன்பது நாள் ஜே திருவிழா வரும், அப்ப ஊர் முழுக்க மஞ்சக் கொடி தான், எங்களுக்கு ஹுவா ஹின்ல அந்த ஒன்பது நாளும் தீபாவளி மாதிரி இருந்தது.

பண்டிகைன்னு சொன்னதும் சோங்க்ரான் ஞாபகம் வருது, வீடு எடுக்குறதுக்கு முன்னாடி இதைக் கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். நம்ம சித்திரை ஒண்ணும் அவங்க புது வருஷமும் ஒரே சமயம், ஏப்ரல் 13 தொடங்கும், தண்ணி ஊத்துற திருவிழா. ஹுவா ஹின்ல ரோட்ல தண்ணி அடிக்குறது அந்த ஒரு நாளோட முடிஞ்சிடும்னு அங்க இருந்தவங்க சொன்னாங்க. பட்டாயாவுல "வான் லாய்"னு ஒண்ணு இருக்கு, 18ம் தேதி நக்லுவா, 19ம் தேதி பட்டாயா, அது வரைக்கும் ஒரு வாரம் நனையாம கடைக்கு போக முடியாது. லேப்டாப் பையோட காபி கடைக்கு போற ஆளுங்களுக்கு அந்த வாரம் வீட்டு காவல் தான். நான் முதல் ரெண்டு நாள் ஆசையா நனைஞ்சேன், ஒரு சின்னப் பொண்ணு கிண்ணத்துல சந்தனம் மாதிரி வெள்ளை மாவைக் குழைச்சு என் கன்னத்துல தடவினது இன்னும் நினைவு இருக்கு. நாலாவது நாள் பால் வாங்க போய் சொட்ட சொட்ட வந்தப்ப போதும்னு ஆயிடுச்சு.

ஹுவா ஹின்ல நாங்க பார்த்தது லோய் க்ரதோங். நவம்பர் பௌர்ணமி, சில வருஷம் நம்ம கார்த்திகை தீபமும் அதே சமயம் வரும். வாழைத்தண்டு வட்டத்துல இலையை மடிச்சு பூ வச்சு மெழுகுவத்தி ஏத்தி தண்ணில விடுவாங்க. எங்க கொண்டோ காவலாளி அம்மா எனக்கு ஒண்ணு செஞ்சு குடுத்தாங்க. பால்கனில நான் அகல் ஏத்தினதைப் பார்த்துட்டு அவங்க கீழ இருந்து கும்பிட்டாங்க. வெளிநாட்டுல இருக்கேன்னே தோணாத ராத்திரி அது ஒண்ணு தான்.

இப்ப நான் முதல்ல சொன்ன கேள்விக்கு வர்றேன். எங்க வீட்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. தாய்லாந்து நம்மளை விட ஒன்றரை மணி நேரம் முன்னாடி. என் வீட்டுக்காரருக்கு ஆபீஸ் நம்ம ஊர் நேரத்துக்கு காலைல ஒன்பதரை, அப்ப அங்க பதினொண்ணு. முடியுறது நம்ம ஊர் ஆறரை, அங்க ராத்திரி எட்டு. அதாவது காலைல ரெண்டு பேரும் சேர்ந்து இருப்போம், பதினொண்ணுல இருந்து எட்டு வரைக்கும் அவர் கதவைச் சாத்திகிட்டு மீட்டிங்ல, நான் ஹால்ல. வேலைக்கு போகவும் முடியாது, தெரிஞ்ச ஆளும் கிடையாது. ஒன்பது மணி நேரம். இதை ஆறு மாசத்தால பெருக்கிப் பாருங்க.

ஜோம்தியன்ல இந்த ஒன்பது மணி நேரம் எனக்கு பறந்து போச்சு, அதுக்கு காரணம் ஒரே ஒரு நீல கலர் வண்டி. சோங்தேவ், எல்லாரும் பாட் பஸ்னு சொல்லுவாங்க, பின்னாடி ரெண்டு பக்கமும் பெஞ்ச் போட்ட பிக்கப் வண்டி, பீச் ரோட்ல ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு வந்துகிட்டே இருக்கும். கையைக் காட்டினா நிக்கும், ஏறி உக்காரணும், இறங்குற இடம் வந்ததும் தலைக்கு மேல கூரைல இருக்கிற பட்டனை அழுத்தணும், டிரைவர் ஜன்னல்ட்ட போய் 10 பாட் நாணயத்தை நீட்டணும், அவ்வளவு தான். எவ்வளவுன்னு கேக்கவே கூடாது, கேட்டா அது வாடகை வண்டியா ஆயிடும், நூறு இருநூறு சொல்லுவாங்க. முதல் வாரம் கையில சில்லறையை இறுக்கிப் பிடிச்சுகிட்டு போனேன், ரெண்டாவது வாரம் ஊரே என்னது மாதிரி ஆயிடுச்சு. தெற்கு பட்டாயாவுல மாறி செகண்ட் ரோடு, திரும்பி வர்றப்ப பீச் ரோடு, ரெண்டும் ஒரு வழிப் பாதை, அதனால வழி தப்பவே தப்பாது. வார கடைசில தெப்ரசித் ராத்திரி சந்தை, நக்லுவா மீன் சந்தை, லைப்ரரி மாதிரி ஒரு காபி கடை, தாய் மொழி சொல்லிக் குடுக்குற ஒரு டீச்சர் வீடு, எல்லாத்துக்கும் நானே போனேன், யாரையும் கேக்காம, யாருக்காகவும் காத்திருக்காம. கல்யாணம் ஆகி இருபத்தி ரெண்டு வருஷத்துல நான் இவ்வளவு தனியா ஊர் சுத்தினது கிடையாது.

ஹுவா ஹின்ல பச்சை சோங்தேவ் உண்டு, டவுன்ல இருந்து தக்கியாப் வரைக்கும் பெட்காசெம் ரோடு வழியா ஓடும், ஒரே கோடு. அந்தக் கோட்டை விட்டு உள்ள, ரயில்வே லைனுக்கு மேற்கால சொய் 88, 102, 112ன்னு போனா நடை தான், இல்லைன்னா ஸ்கூட்டர். பெட்காசெம் ஊருக்கு நடுவுல போற நெடுஞ்சாலை, தெற்குக்கு போற லாரி எல்லாம் பறக்கும், ஆறு தடத்தையும் தாண்டி எதிர் பக்கம் போறதுக்கே எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். ஸ்கூட்டர் எடுக்கலாம், அவங்களும் நம்ம மாதிரி இடது பக்கம் தான் ஓட்டுவாங்க, ஆனா இந்தியாவுல இருந்து டூ வீலர் சேர்த்து எடுத்த சர்வதேச லைசென்ஸ் வேணும், இல்லாம ஓட்டி விழுந்தா இன்ஷூரன்ஸ்காரங்க கையை விரிச்சிடுவாங்க. என் வீட்டுக்காரர் கிட்ட இருந்தது, என்கிட்ட இல்ல. ஆப்ல வண்டி கூப்பிட்டா டவுன்ல வரும், எங்க பக்கம் இருவது நிமிஷம் ஆகும், மழை வந்துட்டா வரவே வராது. அக்டோபர் நவம்பர்ல அங்க மழை தான் மழை. சாயங்காலம் ஆறு மணிக்கு இருட்டினதும் பச்சை வண்டி குறைஞ்சிடும், அவருக்கு வேலை முடிய எட்டு, அது வரைக்கும் நான் அந்த அழகான பால்கனில அழகான கடலைப் பார்த்துகிட்டு உக்காந்திருப்பேன். மாமியார் இருந்த மூணு வாரம் மட்டும் வீடு வீடா இருந்தது. அவங்க கிளம்பின அன்னைக்கு ராத்திரி நான் அழுதேன், என் வீட்டுக்காரருக்கு காரணமே புரியல, "இவ்வளவு நல்ல ஊர்ல என்ன குறை"ன்னு கேட்டார். அவருக்கு நிஜமாவே ஒரு குறையும் இல்ல, காலைல பீச்ல ஓட்டம், நல்ல இன்டர்நெட், அமைதி.

அதனால தான் சொல்றேன், ரெண்டு பேர் போறீங்கன்னா, சம்பாதிக்குற ஆளுக்கு எந்த ஊர் நல்லதுன்னு பாக்காதீங்க. அவங்களுக்கு லேப்டாப் இருக்கு, எங்க இருந்தாலும் பொழுது போயிடும். சும்மா கூட வர்ற ஆள் யாரோ, அவங்களால கதவைத் திறந்து பத்து நிமிஷத்துல நாலு மனுஷங்க முகத்தைப் பாக்க முடியுமா, வண்டி ஓட்டத் தெரியாம, மொழி தெரியாம, யாரையும் கேக்காம போய்ட்டு வர முடியுமா, அதைப் பாருங்க. வீடு பாக்கப் போறப்ப மத்தியானம் மூணு மணிக்கும் ராத்திரி ஏழு மணிக்கும் அவங்களைத் தனியா ஒரு தடவை கடைக்கு போய்ட்டு வரச் சொல்லுங்க, அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.

ஜோம்தியன்லயும் எனக்கு வலிச்ச இடம் உண்டு. தாய்ல நம்ம ஆளுங்களை "கேக்"னு சொல்லுவாங்க, விருந்தாளின்னு தான் அர்த்தம், இந்தியா, அரபு, மலாய் பக்கத்து ஆளுங்க எல்லாருக்கும் அதே வார்த்தை. பாங்காக் சிலோம் ரோட்ல தமிழங்க 19ஆம் நூற்றாண்டுல கட்டின மாரியம்மன் கோயிலுக்கு கூட பேர் வாட் கேக் தான், அங்க அந்த வார்த்தைல மரியாதை தான் கேக்கும். பட்டாயாவுல சில கடைல அதே வார்த்தை வேற மாதிரி காதுல விழும். கூட்டமா வந்து பேரம் பேசி சத்தம் போட்டுட்டு போற நம்ம பசங்க விட்டுட்டு போற பேர் அது, ஆறு மாசம் தங்குறவங்க மேல வந்து விழும். தினம் போய் வர வர முகம் பழகின அப்புறம் மாறிடுச்சு, தண்ணி கேன் போடுற அக்கா நான் ஊருக்கு கிளம்பினப்ப கட்டிப் பிடிச்சுகிட்டாங்க. ஆனா முதல் மாசம் கஷ்டம் தான், சொல்லாம இருக்க முடியாது.

வயசான அப்பா அம்மாவோட போறீங்க, கையில கார் இருக்கு, இல்ல ரெண்டு பேருக்கும் ஸ்கூட்டர் ஓட்ட வரும், ரெண்டு பேருக்கும் வேலை இருக்குன்னா ஹுவா ஹின் எடுங்க, யோசிக்கவே வேண்டாம். பாங்காக்குக்கு ரயில் இருக்கு, நாலு மணி நேரம், சாதா ரயில்ல 50 பாட்டுக்குள்ள, ஜன்னல் திறந்து போட்டுகிட்டு வெளிய வேடிக்கை பார்த்துகிட்டு வரலாம். ஜோம்தியன்ல இருந்து சுவர்ணபூமி ஏர்போர்ட் ரெண்டு மணி நேரத்துக்குள்ள, பஸ் நேரா இருக்கு, அங்க இருந்து சென்னை மூணரை மணி நேரம், ஊர்ல யாருக்காவது முடியலன்னா அன்னைக்கே கிளம்பி வந்துடலாம்ங்கிற தைரியம் அதுல இருந்தது. ஆஸ்பத்திரி ரெண்டு ஊர்லயும் நல்லதா தான் இருக்கு, தனியார்ல போனா பில் நம்ம ஊர் கார்ப்பரேட் ஆஸ்பத்திரியையே தாண்டும், இன்ஷூரன்ஸ் இல்லாம போகாதீங்க. புக்கெட்டையும் கேப்பீங்க, நாங்க ஒரு வாரம் போய்ப் பார்த்தோம், கடல் அது தான் கடல், ஆனா மே டு அக்டோபர் அலை ஆளை இழுத்துட்டு போயிடும், பீச்ல சிவப்புக் கொடி நட்டு வச்சிருப்பாங்க, ஊருக்குள்ள டுக் டுக் கேக்குற காசுக்கு ஜோம்தியன்ல நான் ஒரு மாசம் சுத்துவேன்.

எங்க வீட்ல இதைப் பத்தி ஊருக்கு வந்து ஒரு மாசம் பேசினோம். அவருக்கு இன்னமும் ஹுவா ஹின் தான் பிடிச்சிருக்கு, எனக்கும் அந்த ஊர் மேல ஒரு கோவமும் இல்ல, அந்த முருங்கைக்காய் பாட்டியை நினைச்சா கண்ணு கலங்கும். ஆனா வர்ற தடவைக்கு ஜோம்தியன்ல வீடு பேசியாச்சு, பாட் பஸ் போற ரோட்ல இருந்து நாலாவது கட்டடம், ஓனர் வேற, கரன்ட் வாரிய பில்லுன்னு எழுதியே வாங்கியிருக்கோம். தாய் டீச்சர் அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன், செவ்வாய் வியாழன் மத்தியானம் ரெண்டு மணி எனக்குன்னு வச்சிருக்காங்களாம்.